வெளுக்காத சிவப்பு

போலீஸ் வைத்திருந்த சீலை உடைத்துக் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வெளியே வந்தது வாடைதான். காவலுக்கு வந்திருந்த ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, சீக்கிரம் பார்த்துவிட்டு வரும்படி சொல்லி, வாசலோடு நின்றுவிட்டார்.

டீச்சர் உள்ளே போனாள். ஊரெல்லாம் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டது. பல வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். கணவர் போகும்போது அவளுக்கு விட்டுவிட்டுப் போனவை இரண்டு. ஒன்று அவருடைய துப்பறியும் அலுவலகம், இன்னொன்று அவருடைய தம்பி. அலுவலகத்தைப் பூட்டி வைக்கலாம். கொழுந்தனின் வாயைப் பூட்ட இதுவரை யாரும் சாவி கண்டுபிடிக்கவில்லை.

"அண்ணி, இந்தக் கடையில உயிரோட இருக்கறது நம்ம ரெண்டு பேரும் அந்த டியூப் லைட்டும்தான்" என்றான் அவன்.

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரி, நீதிமன்றம், சிறை என்று அலைந்ததில் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தன. அத்தனை அலைந்தும் கையில் ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. நாளைக்கு வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. கடைக்காரம்மா குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாள்.

ரொட்டி, வெண்ணெய், பாக்கெட்டில் அடைத்த பன்றிக்கறி ஹாம் என்று விற்கும் சின்னக் கடை. புயல் அடித்து டிரான்ஸ்ஃபார்மர் கருகியதில் அந்தத் தெருவில் சில நாள் கரண்ட் இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் கடைக்காரம்மாவாலும் வர முடியவில்லை. அவள் வந்தபோது கரண்ட் திரும்பியிருந்தது. குளிர்ப்பெட்டி பழையபடி ஜில்லென்று இருந்தது. பாக்கெட்டுகள் உப்பவில்லை, ஒழுகவில்லை. விற்றாள்.

அதில் ஒன்றை ஒரு லாரி டிரைவர் வாங்கிப் போனான். அவனும் அவன் அம்மாவும் சாப்பிட்டார்கள். மறுநாள் அம்மாவுக்கு இமை தூக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். அப்புறம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா இறந்துபோனாள். மகன் இன்னும் மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறான். காற்றுப் புகாத பாக்கெட்டுக்குள் வளரும் ஒரு கிருமியின் விஷம் நரம்புகளைக் கட்டிப்போட்டுவிட்டது என்றார் டாக்டர். மிச்சமிருந்த துண்டில் அதே விஷம் இருப்பதாக ஆய்வுக்கூடமும் சொல்லிவிட்டது.

ஹாம் செய்யும் ஆலைக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். தங்கள் ஹாமில் கிருமியைத் தடுக்கும் பதன உப்பு போட்டிருக்கிறது, அதன் சிவப்பே அதற்குச் சாட்சி, சரக்கைச் சூட்டில் போட்டது கடைக்காரியின் குற்றம் என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. இறந்தவள் அவளுக்கு வெறும் வாடிக்கைக்காரி இல்லை, சாயங்காலத்தில் கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசும் சிநேகிதி. அவளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்தவள், வக்கீலோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளுடைய அக்காதான் டீச்சரிடம் வந்தாள்.

"அவ ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும்மா. ஆனா உண்மைதானான்னு பாத்துட்டு ஒத்துக்கட்டும்" என்றாள் அக்கா. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் டீச்சர் வழக்கை எடுத்தாள்.

அவளுக்கு உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்று. அதே பெட்டியில், அதே சூட்டில், வேறு கம்பெனி ஹாமும் கிடந்தது. அதையும் பத்துப் பேர் வாங்கித் தின்றார்கள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. கரண்ட் போனது இரண்டு ஹாமுக்கும் பொதுதானே?

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த இரண்டு கம்பெனிச் சரக்கிலும் வெட்டி வைத்த கட்டி ஒவ்வொன்று மிச்சமிருந்தது. பாக்கெட்டுகளை எடுத்துப்போன போலீஸ் இவற்றைத் தொடவில்லை. விளக்கை அணைக்கவும் மறந்துவிட்டார்கள். இரண்டு கட்டியும் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தன.

"ஒண்ணு பொணம் மாதிரி வெளுத்துப்போச்சு" என்றான் கொழுந்தன் எட்டிப் பார்த்து. "இன்னொண்ணு பாருங்க, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பவுடர் போட்டு உக்காந்த மாதிரி இருக்கு. எது நம்மாளு?"

"பவுடர் போட்டது."

சொல்லி முடிப்பதற்குள் டீச்சருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வாடை மறந்தது. கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள். அடுத்த கம்பெனி ஹாம் சாம்பல் பூத்துப் பழுப்பாகிக் கிடந்தது. ஆலை ஹாம் மட்டும் இத்தனை நாள் விளக்கடியில் கிடந்தும் அன்று வெட்டியது போல ரோஸ் நிறத்தில் சிரித்தது.

அதன் ஓரத்தில் விரல் தடிமனுக்குக் கொழுப்பு இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது. அதிலும் லேசாக ரோஸ் ஓடியிருந்தது.

டீச்சர் கையுறையை மாட்டிக்கொண்டு கொழுந்தனின் கைக்குட்டையைக் கேட்டாள். சலவைக்குப் போய் வந்த வெள்ளைக் கைக்குட்டை. அவன் சொத்து எழுதிக் கொடுப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நீட்டினான். பாட்டில் தண்ணீரில் நனைத்து முதலில் வெளுத்த கட்டியின் மேல் அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் பிசுக்கு ஒட்டியது, அவ்வளவுதான். மறுமுனையால் ரோஸ் கட்டியைத் தேய்த்தாள். துணி ரோஸ் ஆனது.

"கைக்குட்டை வெக்கப்படுது அண்ணி."

"வெக்கப்பட வேண்டியவங்க வேற யாரோ" என்று சொல்லிவிட்டு ஏட்டை உள்ளே கூப்பிட்டாள். அவர் கண் முன்னாலேயே கைக்குட்டையையும் இரண்டு கட்டிகளையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்ட வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆலைக்குப் போகும் வழியில் கொழுந்தன் வண்டி ஓட்டினான். டீச்சர் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவிடுவான் என்று எதிர்பார்த்தது அவள் தவறு. சாயம் போன துணியைப் பார்த்திருக்கிறேன், சாயம் போகாததைக் குற்றம் என்று சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தான்.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள். இறைச்சியின் நிறத்துக்குக் காரணம் தசைக்குள் இருக்கும் இரும்பு. ஆலைகளில் போடும் பதன உப்பு இறைச்சிக்குள் போய் ஒரு வாயுவாக மாறும். நைட்ரிக் ஆக்சைடு என்று பெயர். அது ஓடிப்போய் அந்த இரும்பைக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டால் வேகவைத்தாலும் விடாது. வீட்டில் வேகவைத்த கறி பழுப்பாகிவிடும்போது ஹாம் மட்டும் ரோஸாக இருப்பது அதனால்தான்.

"வேகவச்சாலே விடாதது விளக்குக்கா பயப்படும்?"

"அதுக்கு எமன் வெளிச்சமும் காத்தும்தான். வெட்டி வெளிச்சத்துல வச்சா வாயு இரும்பை விட்டுட்டுப் போயிடும். இறைச்சி சாம்பல் நிறமாயிடும். நல்ல ஹாம்னா வெளுத்தே ஆகணும் தம்பி. வெளுக்காத ஹாம்தான் சந்தேகப்பட வேண்டியது."

கொழுப்பில் தசையின் இரும்பு கிடையாது. அதனால் உண்மையான சிவப்பு கொழுப்பில் ஏறாது. சாயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கண்டதன் மேலெல்லாம் ஏறும். தண்ணீர் பட்டால் இறங்கி ஓடும்.

  கொழுந்தன், நிறம் போலியாக இருந்தால் ஏமாற்று வேலைதானே, அதற்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான்.

அங்கேதான் விஷயமே இருந்தது. அந்தக் கிருமியும் இரும்பை வைத்துத்தான் பிழைக்கிறது. உயிர்வாழத் தேவையான சக்தியை உண்டாக்கும் அதன் சின்னச் சின்ன இயந்திரங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பற்கள் உண்டு. பதன உப்பிலிருந்து வரும் வாயு அந்தப் பற்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் நின்றுபோகும். கிருமி வளராது, விஷம் கக்காது. இறைச்சியைச் சிவக்க வைப்பதும் கிருமியை முடக்குவதும் ஒரே கைதான். நம் ரத்தக் குழாய்களே அந்த வாயுவைத் துளித் துளியாக உண்டாக்கித்தான் தங்களைத் தளர்த்திக்கொள்கின்றன.

"அப்போ சாயம் பூசினவன் உப்பு போடல" என்றான் கொழுந்தன் மெதுவாக. "காவக்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு, அவன் சட்டையை மட்டும் வாசல்ல தொங்கவிட்டிருக்கான்."

"அதேதான். பெட்டி குளுகுளுன்னு இருந்த கடையில ஒண்ணும் ஆகல. கரண்ட் போன கடையில காவலும் இல்ல, குளிரும் இல்ல."

ஆலை ஊருக்கு வெளியே தகரக் கூரையும் ஈரத் தரையுமாக இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டவர் நடுத்தர வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். உப்பு மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். உப்புக் கலவை போடுவது அவர் பொறுப்பு. வந்தவர்களுக்குத் தலைக்கு உறையும் காலுக்கு உறையும் எடுத்துக் கொடுத்தார். டீச்சர் காலைத் தூக்கி மாட்டக் கஷ்டப்படுவதைப் பார்த்து ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அந்த டிரைவர் பையன் எப்படி இருக்கிறான் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அப்படியேதான் இருக்கிறான் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு முதலாளியின் அறைக்கு வழி காட்டினார்.

முதலாளி வாட்டசாட்டமான ஆள். ஆரம்பத்தில் இவர்களை உட்காரவே சொல்லவில்லை. கைக்குட்டையின் கதையைக் கேட்டதும் அவர் நெற்றி வியர்த்தது. கொழுந்தன் அந்த வியர்வையை விடவில்லை. உப்பை மிச்சம் பிடித்துச் சாயத்தைத் தெளித்து விற்றிருக்கிறீர்கள், பழியை ஒரு அப்பாவிப் பெண்ணின் தலையில் கட்டினீர்கள் என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான்.

முதலாளி கத்துவார் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து அவர்கள் முன் வைத்தார். ரொட்டிக்கு நடுவே அதே ரோஸ் ஹாம்.

"இதைத்தான் தினம் திங்கறேன். என் பேரப்பிள்ளைங்களும் இதைத்தான் திங்கறாங்க. விஷம்னு தெரிஞ்சா வீட்டுக்குக் கொண்டு போவேனா?"

 முதலாளியே எழுந்து, மாதம் தவறாமல் பதன உப்பு வாங்கிப் போடுகிறேன், நேரில் வந்து பாருங்கள் என்று கிடங்குக்கு நடந்தார். மாஸ்டர் சாவிக் கொத்தோடு பின்னால் வந்தார்.

கிடங்கின் ஒரு மூலையில் சாதா உப்பு மூட்டைகள் கொஞ்சம் கிடந்தன. எதிர்ச் சுவரில் பதன உப்பு மூட்டைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தன. முதலாளி பெருமையோடு கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பல மாதமாக இந்தப் பக்கம் அவர் வரவில்லை போலும். ஆலை தினமும் ஓடுகிறது. மூட்டைகள் குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டும். இவை ஏறிக்கொண்டே போயிருந்தன. அடியில் இருந்த மூட்டைகளில் தூசி படிந்திருந்தது. ஒன்றின் வாய்த் தையல்கூடப் பிரியவில்லை.

மிச்சம் பிடிக்கிறவன் உப்பை வாங்கவே மாட்டான். இங்கே வாங்கியிருக்கிறார்கள், போடவில்லை. காரில் வழி முழுக்கப் பேசி வந்த பேராசைக் கணக்கு டீச்சரின் தலைக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் மூட்டைகளை விட்டுத் திரும்பி, சாவிக் கொத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நக ஓரங்களில் கழுவிக் கழுவியும் போகாத ரோஸ்.

மாஸ்டர் கையை ஒளிக்கவில்லை.

"ஐயாவுக்குத் தெரியாதும்மா" என்றார். "நான்தான் போடல."

முதலாளி ஏதோ கேட்க முன்னால் வந்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். மாஸ்டர் சுவரோரமாக ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.  பேசுவதற்கு அவரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலப் பேசினார்.

போன வருஷம் அவர் மனைவி குடல் புற்றுநோயில் இறந்தாள். ஆலையில் உடைந்த துண்டுகளை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசியில் ஆஸ்பத்திரியில் யாரோ, பதன உப்பு போட்ட கறியை அதிகம் தின்றால் அந்த நோய் வரலாம், வயிற்றுக்குள் அந்த உப்பு கெட்ட பொருளாக மாறும் என்று சொன்னார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொண்டார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வேலைக்கு வந்த அன்று, கலவைத் தொட்டியின் முன்னால் அந்த மூட்டையைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை.

"நாலு வீட்டுக் குழந்தைங்க திங்கறதும்மா. தெரிஞ்சே எப்படிப் போடுவேன்? அதுக்குப் பதிலா சாதா உப்பைக் கூட்டினேன். சுத்தமாக் கழுவினேன். ரெண்டு மடங்கு நேரம் வேகவச்சேன். வெந்தா கிருமி செத்துடும்னு நெனச்சேன்."

"இந்தக் கிருமி விதை மாதிரி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும் ஐயா" என்றாள் டீச்சர். "வேகறதுக்கெல்லாம் சாகாது."

பதன உப்பு போடாத ஹாம் பழுப்பாக வந்தது. முதலாளி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கேக்குக்குப் போடும் சாயத்தைத் தன் கைக்காசில் வாங்கிக் கலந்திருக்கிறார். மாதக்கணக்கில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்லது செய்கிறோம் என்றே நினைத்திருக்கிறார். லாரி டிரைவரின் அம்மா இறந்த செய்தி வந்ததும் கடைக்காரம்மா பழியை ஏற்றுக்கொண்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது என்றார்.

டீச்சர் முதலில் முதலாளியைப் பார்த்துத்தான் பேசினாள். சரக்கு போன ஒவ்வொரு கடைக்கும் இப்போதே போன் செய்து, ஒரு துண்டுகூட விற்காமல் நிறுத்தச் சொல்ல வேண்டும், வாங்கிப் போனவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும் என்றாள். அவர் ஓடினார். அந்தக் கனத்த உடம்பிடமிருந்து அந்த ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது. கொழுந்தன் இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்து, ஜோக் எதுவும் கலக்காமல் நடந்ததைச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் வரும்வரை அவர்கள் மூவரும் கிடங்கிலேயே இருந்தார்கள். டீச்சரும் எதிரே ஒரு மூட்டையில் உட்கார்ந்துகொண்டாள். வழக்கு தீர்ந்துவிட்டது. தீர்ந்த வழக்கு கொடுக்கும் தெம்பு மட்டும் வரவில்லை. வில்லனைப் பிடிக்க வந்து, மனைவியை இழந்த ஒரு மனிதனைப் பிடித்தது போலிருந்தது. ஆனால் அவரை விட்டுவிடவும் முடியாது. ஆஸ்பத்திரியில் ஒருவன் கண் திறக்க முடியாமல் கிடக்கிறான். காது கேட்கிறது என்று நர்ஸ் சொன்னாள். அம்மா எங்கே என்று கேட்க அவனுக்கு வாய் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து மாஸ்டர் கேட்டார். "நீங்க படிச்சவங்க. உண்மையைச் சொல்லுங்க. அவளுக்கு அந்த உப்பாலதான் வந்துச்சா?"

பொய் சொல்வது சுலபம். ஆமாம் என்றால் அவர் செய்ததற்கு ஒரு நியாயம் கிடைக்கும். இல்லை என்றால் வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுத்த குற்றம் அவர் மேலிருந்து இறங்கும். டீச்சர் இரண்டையும் நினைத்துப் பார்த்தாள்.

"அளவுக்கு மேல தின்னா ஆபத்து கூடும்னு சொல்றது உண்மைதான். ஆனா அவங்களுக்கு அதனாலதான் வந்துச்சா, வேற எதனாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது ஐயா. எனக்குத் தெரியல."

"அந்த டிரைவரோட அம்மாவுக்கு?"

"அது தெரியும்" என்றாள் டீச்சர்.

 ஜீப் வந்து நின்றதும் மாஸ்டர் தானாகவே எழுந்து, சாவிக் கொத்தைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

சிறையில் பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் கடைக்காரம்மா அசையாமல் நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் நிம்மதி வரும் என்று கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை.

"கரண்ட் போனது உண்மைதானே?" என்றாள். "சூடாயிருக்கும்னு தெரிஞ்சும் வித்தேன்ல?"

"உண்மைதான்" என்றாள் டீச்சர். "அதை நாளைக்குச் சொல்லுங்க. அந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்க. உங்களுது இல்லாததையும் சேத்துத் தூக்கிட்டுப் போகாதீங்க."

கடைக்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கைதான நாளிலிருந்து அவள் அழுததே இல்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். குற்றவாளிக்கு அழ உரிமையில்லை என்று நினைத்திருந்தாளோ என்னவோ. இப்போது இறந்துபோன சிநேகிதிக்காக அவள் வாய்விட்டு அழுதாள். டீச்சர் கம்பிக்குள் கையை விட்டு அவள் தோளைத் தொட்டபடி நின்றாள். நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்த காவலரைக் கொழுந்தன் சற்றுத் தள்ளி அழைத்துப் போய் ஏதேதோ பேசி நிறுத்தி வைத்தான்.